மாதம் இரண்டு ஞாயிறு பெகு பக்கத்துக் கிராமத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன், உருப்படியாக என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை (ரங்கூன்):

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 38. ரங்கூனில் பயின்னவுங் மொத்தச் சந்தையில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். அம்மா பிறந்த ஊர் பெகுவைத் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று சக்கர வண்டியில் இன்னும் முக்கால் மணி நேரம் உள்ளே போக வேண்டும். தொண்ணூறு வீடு இருக்கும், பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள், மீதி பர்மியரும் கரீன் இனத்தாரும். 1964-க்கு அப்புறம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறிப் போனபோது, நட்ட வயலை விட்டு வர மாட்டேன் என்று என் தாத்தா அங்கேயே இருந்துவிட்டார். அவர் காலம் முடிந்து, அம்மா ரங்கூனுக்கு வாக்கப்பட்டு வந்து, எனக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயில் தீமிதி என்கிற அளவில் சுருங்கிப் போயிற்று.

இந்த வருஷம் தீமிதிக்குப் போனபோது ஒன்றைப் பார்த்தேன், அதிலிருந்து மனசு சரியாக இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ரங்கூன் பையன்கள் பதினைந்து பேர் காசு சேர்த்து, கோயிலுக்குப் பின்பக்கம் ஓர் அவிசி (ஆழ்துளைக் கிணறு) இறக்கி, கைப்பம்பு வைத்து, மாலை போட்டு, படமும் எடுத்துக்கொண்டு வந்தோம். இப்போது அந்தப் பம்பின் கைப்பிடியைக் காணோம். குழாய் வாயில் யாரோ துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் பழையபடி குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குத்தான் நடக்கிறார்கள், குளமும் இந்த வெயிலில் முழங்கால் அளவுக்கு வற்றிக் கிடக்கிறது. எப்போது கெட்டது என்று கேட்டேன். நீங்கள் வைத்த மறு வருஷம் சித்திரையிலேயே என்றார்கள். ஐந்து வருஷம்! அவர்களும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் ஒருத்தர்கூட ஒரு போன் போட்டு விசாரிக்கவில்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். மாதம் இரண்டு ஞாயிறு தவறாமல் போவது, குறைந்தது மூன்று வருஷம். மனைவிக்குச் சம்மதம், முடிந்தபோது அவளும் வருவாள். சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்க முடியும், பெரிய தொகை இல்லை. பிள்ளைகளுக்கு ஞாயிறு தமிழ் வகுப்பு, ஜூனில் பள்ளி திறக்கும்போது புத்தகப் பை, நோட்டு, இப்படித்தான் இப்போதைக்கு நினைத்திருக்கிறேன். இது சரியான ஆரம்பம்தானா? தொடர்ந்து ஒரே ஊருக்குப் போய் வருகிறவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். எது நின்றது, எது நிற்கவில்லை, எங்கே தப்பு செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னால் உதவியாக இருக்கும்.

தட்டோன் டீச்சர்:

தம்பி, நான் தட்டோன் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு ஒன்பது வருஷம் வாராவாரம் போய் வந்தவள். இப்போது முட்டி வலி, மாதம் ஒரு தரம்தான். கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் மூன்று நடை கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். பையும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். முதல் நாளே பையோடு போனால் பை கொடுக்கிறவர் என்று ஊர் உங்களுக்குப் பெயர் வைத்துவிடும், அப்புறம் நீங்கள் என்ன பேசினாலும் அடுத்த பை எப்போது என்றுதான் காதில் விழும். வெறுங்கையோடு போய் ஊர்த் தலைவரைப் பாருங்கள், கோயில் தர்மகர்த்தாவைப் பாருங்கள். அப்புறம் பொங்ஜி மடத்துக்கும், அதாவது புத்த பிக்குகள் மடத்துக்கும், போய் சயாடோவை (தலைமைப் பிக்குவை) வணங்கிவிட்டு வாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பர்மியரும் கரீனரும் இருக்கும் ஊர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோயிலில் வைத்து நம் பிள்ளைகளுக்கு மட்டும் பை கொடுத்தால், மறுநாள் அதே பள்ளிக்கூடத்தில் அதே பெஞ்சில் பக்கத்துப் பிள்ளை வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கும். முதல் வருஷம் நான் செய்த தப்பு இதுதான். ஒரு கரீன் தாய் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தன் மகள் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். இன்றைக்கும் அது என் கண்ணிலிருந்து போகவில்லை.

தமிழ் வகுப்பைப் பற்றி. 1965-ல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு நமக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க மிஞ்சிய இடம் கோயில்தான், அதுவும் பெரும்பாலும் மார்ச்சிலிருந்து மே வரை கோடை விடுமுறையில். நானும் அந்த ஆசையோடுதான் போனேன். முதல் ஞாயிறு முப்பது பிள்ளைகள். இரண்டு மாதத்தில் ஏழு. தமிழில் ஆர்வம் இல்லை என்று நினைத்து மனசு ஒடிந்து போனேன். அப்புறம்தான் ஒரு பாட்டி சொன்னார், டீச்சர், இவனுக்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கே விளங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் இன்னொரு பாடமா என்று. எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மா மொழி. ஒன்றாவது, இரண்டாவது வகுப்பிலேயே பிள்ளை வாசிப்பில் பின்தங்கி, அது கணக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், நாலாவது ஐந்தாவதில் வயலுக்குப் போய்விடுகிறது. நான் வகுப்பை மாற்றினேன். முதல் ஒன்றரை மணி நேரம் பர்மிய வாசிப்பும் கணக்கும், எல்லாப் பிள்ளைகளும் வரலாம். கடைசி அரை மணி நேரம் தமிழ், விரும்புகிறவர்கள் இருக்கலாம். பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இன்னொன்றும் நடந்தது. பள்ளிப்பாடம் பிடிபட ஆரம்பித்ததும் தமிழுக்கும் உட்கார்ந்தார்கள், இரண்டு கரீன் பிள்ளைகள்கூட அ, ஆ எழுதினார்கள்.

ஊர் நாள்காட்டி ஒன்று இருக்கிறது, அதற்கு நீங்கள்தான் அடங்கிப் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நடவு, பெரிய பிள்ளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள். நவம்பர், டிசம்பரில் அறுப்பு. அந்த மாதங்களிலும் போங்கள், ஆனால் வகுப்பு நடக்கவில்லை என்று முகம் சுளிக்காதீர்கள். வரப்பில் போய் நின்று பேசிவிட்டு வாருங்கள். மழை என்று ஒரு நாள் நீங்கள் நின்றால், அடுத்த மழைக்குப் பிள்ளை நிற்கும். வர முடியாத நாளைப் போன வாரமே சொல்லிவிட்டு வர வேண்டும்.

கடைசியாக ஒன்று. இரண்டாவது வருஷத்திலேயே ஊருக்குள் ஓர் ஆளைத் தேடுங்கள். எனக்குக் கிடைத்தது பள்ளி இறுதித் தேர்வில் தவறிய ஒரு பெண். படிப்பு வராதவள் என்று எல்லாரும் சொன்னார்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. இப்போது வகுப்பு அவளுடையது. நான் போகாத வாரமும் நடக்கிறது.

உளுந்து வயல் (பெகு):

பை வேண்டாம் தம்பி. டீச்சர் சொன்னதில் எனக்கு எதிர்ப்பேச்சு இல்லை, ஆனால் நீங்கள் எழுதியதில் யாரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. பயின்னவுங்கில் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன் என்றீர்களே, அந்த வரியை நான் மூன்று தரம் படித்தேன். நான் விவசாயி, உங்கள் அம்மா ஊர் மாதிரியே ஓர் ஊர். எங்களுக்கு வருஷம் முழுக்கத் தேவைப்படுவது நீங்கள் தினமும் உட்கார்ந்திருக்கும் அந்த நாற்காலிக்கு எதிரில் கரும்பலகையில் எழுதியிருக்கிறது.

விவரம் சொல்கிறேன். நெல் அறுத்த கையோடு, மண்ணில் ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பாசிப்பயறும் விதைக்கிறோம். பிப்ரவரி, மார்ச்சில் கைக்கு வருகிறது. நெல் வீட்டுச் சாப்பாட்டுக்கும் கடனுக்கும் சரியாகப் போய்விடும், பிள்ளை படிப்பு, கல்யாணம், கூரை எல்லாம் உளுந்துதான். அந்த உளுந்தை வாங்கப் பெரிய ஆள் இந்தியா. 2017 ஆகஸ்டில் இந்தியா இறக்குமதிக்கு வரம்பு வைத்தபோது எங்கள் ஊரில் பல பேருக்குச் செய்தியே தெரியாது. நல்ல விலை வரும் என்று மூட்டையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். தரகர் வந்து சொன்ன விலையைக் கேட்டு அவர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போனார்கள். அவர் அன்றைக்கு ஏமாற்றவில்லை, உண்மையிலேயே விழுந்துவிட்டது. எது உண்மை எது பொய் என்று தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்கு நஷ்டம். அப்புறம் 2021-ல் இரண்டு அரசாங்கமும் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து என்று ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள், அதுவும் எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

அடுத்தது தராசு. பயறுக்கு ஒரு தின் என்றால் 72 ராத்தல், அதாவது 20 வீசை. தரகர் தன் தராசோடு களத்துக்கு வருகிறார். ஈரம், தூசி என்று தின்னுக்கு ஒரு வீசை கழிக்கிறார். ஒரு வீசைதானே என்று தோன்றும். நூறு தின் விற்கிறவனுக்கு அது ஐந்து தின். நியாயமான கழிவு எவ்வளவு, எஃப்.ஏ.க்யூ. என்கிற சராசரித் தரம் என்றால் எப்படி இருக்க வேண்டும், எஸ்.க்யூ. என்கிற உயர்ந்த தரம் என்றால் எப்படி, சல்லடை போட்டுக் காய வைத்தால் எவ்வளவு கூடக் கிடைக்கும், இதெல்லாம் உங்களுக்கு உள்ளங்கையில் இருக்கிற விஷயம், எங்களுக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. ஊருக்குப் பொதுவாக ஒரு தராசு வாங்கி, கோயில் மண்டபத்தில் வைத்து, ஒரு நோட்டில் யார் எவ்வளவு விற்றார்கள், என்ன கழிவு என்று எழுத ஓர் ஆளைப் பழக்கினால், புத்தகப் பையைப் பிள்ளையின் அப்பாவே வாங்கிவிடுவார்.

இனி பம்பு. அதை முழுக்கக் கெட்டது என்று விட்டுவிடாதீர்கள். உறிஞ்சு பம்பு 25 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை இழுக்காது, எவ்வளவு அடித்தாலும் இழுக்காது. சித்திரையில் நீர்மட்டம் இறங்கும்போது பிள்ளைகள் வேகம் வேகமாக அடிப்பார்கள், உள்ளே இருக்கிற தோல் வாஷர் காய்ந்து கிழியும், அப்புறம் மழை வந்து மட்டம் ஏறினாலும் காற்றுத்தான் வரும். எங்கள் ஊரில் இரண்டு பம்பு இப்படித்தான் போயிற்று, ஒரு வாஷருக்காக. இப்போது வைகாசி தொடங்கப் போகிறது, மழைக்கு முன்னால் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கிற நாள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கிப் பாருங்கள், ஈரம் எத்தனை அடியில் என்று தெரியும். 25 அடிக்குள் இருந்தால் வாஷர் போதும். அதற்கு மேல் போனால் ஆழப் பம்புதான், அது வேறு செலவு.

மோல்மீன் வியாபாரி:

எல்லாரும் நல்லதுதான் சொல்கிறீர்கள், நான் ஒரு கணக்குக் கேட்கிறேன். மாதம் இரண்டு தரம் இரண்டு பேர் பஸ் சார்ஜ், உள்ளே போகிற வண்டி, சாப்பாடு, மூன்று வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காசை டீச்சர் சொன்ன மாதிரி ஊரிலேயே ஒரு பெண்ணுக்கு மாதச் சம்பளமாகக் கொடுத்தால் வாரம் ஐந்து நாள் வகுப்பு நடக்குமே. நம் நாட்டில் கொடுக்கத் தெரியாதவர்கள் யார்? 2015, 2016, 2017 மூன்று வருஷமும் உலகக் கொடைப் பட்டியலில் மியான்மர்தான் முதல் இடம். குற்றம் சொல்வதாக நினைக்க வேண்டாம், நானும் மாதாமாதம் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு அனுப்புகிறவன்தான். நேரில் போவது மனசுக்குத் திருப்தி, ஊருக்கு எவ்வளவு லாபம் என்பதுதான் என் கேள்வி.

தட்டோன் டீச்சர்:

வியாபாரி ஐயா கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணுக்கு நான் மாதம் ஒரு தொகை கொடுத்துத்தான் வருகிறேன், அதைத் தம்பியும் செய்ய வேண்டும், சும்மா உழைக்கச் சொல்லக் கூடாது. ஆனால் போகாமல் அனுப்பியிருந்தால் அந்தப் பெண்ணை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன். கோயிலில் கேட்டிருந்தால் தர்மகர்த்தாவின் மருமகளைச் சொல்லியிருப்பார்கள். பம்புக்கும் காசு போய்ச் சேர்ந்ததுதானே ஐயா, ஆள் போகவில்லை. நம் நாட்டில் காசு கொடுக்கிறவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கிறோம், நல்ல பழக்கம்தான். வாசித்த பிறகு ஆறு மாதம் கழித்து அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்கிற ஆள்தான் நமக்குக் குறைவு.

வார்டு தங்கச்சி:

அண்ணே, நான் ரங்கூனில் நர்ஸ். எங்கள் ஊர் ஐராவதி டெல்டா. 2008 மே 2-ந்தேதி ராத்திரி நர்கிஸ் புயல் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. நாட்டில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள், எங்கள் தெருவில் மிஞ்சிய வீடு மூன்று. முதல் இரண்டு மாதம் எத்தனையோ பேர் வந்தார்கள், அரிசி கொடுத்தார்கள், துணி கொடுத்தார்கள், அவர்களை நான் மறக்கவில்லை. ஆனால் எல்லாரும் போன பிறகும் ரங்கூனிலிருந்து ஒரு சின்னக் குழு மாதாமாதம் படகில் வந்துகொண்டே இருந்தது. அதில் ஒரு கம்பவுண்டர் அக்கா, ஒவ்வொரு தரமும் என் தம்பியின் காலைப் பார்த்துக் கட்டு மாற்றுவார், போன மாதம் சொன்னதை ஞாபகம் வைத்துக் கேட்பார். நான் இந்த வேலைக்கு வந்ததே அவரைப் பார்த்துத்தான். அதனால் நீங்கள் மூன்று வருஷம் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெகு பக்கம் வயல்காரர்களுக்குக் கண்ணாடி விரியன் பெரிய எமன். அறுப்பு நேரத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், எங்கள் வார்டுக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பெரும்பாலும் கடி கணுக்காலுக்குக் கீழேதான், வெறுங்காலோடோ ரப்பர்ச் செருப்போடோ வயலில் இறங்கியவர்கள். விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாமதமாக வருகிறவர்களைத்தான் இழக்கிறோம். ஊரில் முதலில் செய்வது கத்தியால் கீறுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோவது. மூன்றுமே வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட காலை அசைக்காமல், மோதிரம் கொலுசு இருந்தால் கழற்றிவிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். அந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியில் கையிருப்பு இருக்கிறது, ராத்திரியில் யார் வண்டி எடுப்பார், இந்த இரண்டையும் செப்டம்பரிலேயே விசாரித்து மண்டபச் சுவரில் பர்மா மொழியிலும் தமிழிலும் எழுதி வைத்துவிடுங்கள். உங்கள் காசில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் முழங்கால் வரைக்கும் வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். சேற்றில் நடவு செய்ய அது சரிப்படாது, பாதம் புதைந்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மைதான். அறுப்பு நேரத்தில் வயல் காய்ந்திருக்கும், அப்போது போடலாம், கடியும் அப்போதுதான் அதிகம்.

குளத்துத் தண்ணீரைப் பற்றியும் ஒன்று. படிகாரம் போட்டால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. தெளிந்த தண்ணீரைப் பார்த்து நல்ல தண்ணீர் என்று நம்பி அப்படியே குடிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்காவது கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சிரியம் பெரியவர்:

தம்பி, எல்லாரும் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், காகிதம். எனக்கு 67 வயது, இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். நம் ஜனங்களில் 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு கையில் சரியான கார்டு இல்லாமல் போனவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு எஃப்.ஆர்.சி. (வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு), மகனுக்குப் பச்சைக் கார்டு (விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவருக்கானது), பேரனுக்கு ஒன்றுமே இல்லை, இப்படி ஒரே வீட்டில் மூன்று விதம் பார்த்திருக்கிறேன். நிலத்துக்குப் பாரம் 7, அதாவது நிலத்தில் பயிரிடும் உரிமைச் சீட்டு, வேண்டும், விவசாய வங்கியில் கடன் கேட்டால் அதைக் கேட்பார்கள், பாரம் வாங்கப் போனால் கார்டைக் கேட்பார்கள், கார்டுக்குப் போனால் வீட்டுப் பட்டியல், அதாவது 66/6, அதில் பெயர் இருக்கிறதா என்பார்கள். பிள்ளை வீட்டிலேயே பிறந்து பிறப்புச் சீட்டு எடுக்காமல் விட்டால் அந்தக் கயிறு அங்கேயே அறுந்துவிடும்.

உங்களால் கார்டு வாங்கித் தர முடியாது, வாங்கித் தருகிறேன் என்று ஒரு காலமும் சொல்லாதீர்கள். கணக்கு எழுதுகிற கை உங்களுடையது. வீடு வீடாக உட்கார்ந்து யாரிடம் என்ன சீட்டு இருக்கிறது, என்ன இல்லை, பெயர் எழுத்து ஒரு சீட்டுக்கும் இன்னொரு சீட்டுக்கும் ஒத்துப் போகிறதா என்று ஒரு நோட்டில் குறித்துக் கொடுங்கள், நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். மூலச் சீட்டைக் கையில் வாங்கி ரங்கூனுக்குக் கொண்டுவராதீர்கள். இந்தக் காரியத்துக்கென்று ஒரு காசும் வாங்காதீர்கள். மாரியம்மாள் என்பதைப் பர்மிய எழுத்தில் ஒரு சீட்டில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எழுதி வைத்து, அதனால் ஒரு கிழவி பதினோரு வருஷம் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். புதிதாகப் பிறக்கிற பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே பிறப்புச் சீட்டு எடுக்க வைத்தீர்கள் என்றால், இருபது வருஷம் கழித்து வரப்போகிற அலைச்சலை இன்றைக்கே நிறுத்திவிடுகிறீர்கள்.

அப்புறம் உங்கள் விஷயம். உங்கள் கார்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். ராத்திரி தங்குவதாக இருந்தால் ஊர் நிர்வாகத்திடம் விருந்தாளிப் பட்டியல் கொடுத்தே ஆக வேண்டும். அந்த விதி 2016-ல் எடுபட்டது, 2021 பிப்ரவரியில் திரும்பி வந்துவிட்டது. நீங்கள் கொடுக்காவிட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமில்லை, இடம் கொடுத்த வீட்டுக்காரரும்தான். முடிந்தவரை அன்றன்றே போய்த் திரும்புங்கள், பாதை நிலவரத்தை முதல் நாள் ராத்திரியே ஊரில் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சரியில்லை என்று அவர் சொன்னால் அந்த வாரம் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை (ரங்கூன்):

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. இத்தனை விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, மனைவியிடம் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். பையைத் தள்ளி வைத்துவிட்டேன். ஆனால் உளுந்து வயல் அண்ணன் சொன்னதில் ஒரு சங்கடம். நான் சம்பளம் வாங்குவது மண்டியில். அங்கே உட்கார்ந்துகொண்டு விற்கிறவர்களுக்கு விலை சொல்வது முதலாளிக்குத் துரோகம் ஆகாதா? எங்கள் மண்டிக்குச் சரக்கு கொடுக்கிற தரகர்களில் பெகுக்காரர்களும் இருக்கிறார்கள். அதை நினைத்து இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. ரகசியமாகச் செய்கிற வேலையாக இது இருந்தால் எனக்கு வேண்டாம்.

உளுந்து வயல் (பெகு):

நல்ல கேள்வி தம்பி, கேட்டதற்காகவே உங்கள் மேல் மரியாதை கூடுகிறது. உங்கள் மண்டி யாரிடம் என்ன விலைக்குப் பேசியிருக்கிறது என்பது உங்கள் முதலாளியின் விஷயம், அதைச் சொல்லாதீர்கள், நாங்கள் கேட்கவும் கூடாது. சந்தையில் அன்றைக்கு உளுந்து என்ன விலைக்குப் போயிற்று என்பது ஊரறிந்த விலை. டீக்கடையில் உட்கார்ந்தால் காதில் விழுகிறது. எங்களுக்குத்தான் டீக்கடை 50 மைல் தள்ளி இருக்கிறது. அதை முதலாளியிடம் நேராகச் சொல்லிவிட்டே செய்யுங்கள். காய வைத்துச் சலித்த நல்ல சரக்கு வந்தால் அவருக்கும் லாபம்தானே. அதற்கு மேலும் அவர் வேண்டாம் என்றால் விலையை விட்டுவிடுங்கள், தராசும் நோட்டும் போதும்.

கணக்குப்பிள்ளை (ரங்கூன்):

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு நடை போய் வந்தேன், வெறுங்கையோடு. முதலாளியிடம் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தை விலையைச் சொல்லிக்கொள், மண்டிக் கணக்கு வெளியே போகக் கூடாது என்றார். மறுநாள் கூப்பிட்டு, பழைய மேடைத் தராசு ஒன்று கிடங்கில் கிடக்கிறது, முத்திரை போட்டுச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு போ என்றார். நான் கேட்கவே இல்லை.

முதல் நடையில் தர்மகர்த்தா வீட்டிலும் சயாடோவிடமும் பேசியதோடு சரி. சயாடோ ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போன தடவை வந்த பையன்களில் நீயும் ஒருத்தனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மழைக்காலத்திலும் வா, அப்போது பார்க்கலாம் என்றார். டீச்சர் சொன்ன மாதிரி ஒரு பெண் இருக்கிறாள் என்று அம்மாவின் சித்தி சொன்னார், இன்னும் பார்க்கவில்லை, அவசரப்பட மாட்டேன்.

இரண்டாவது நடையில் கல்லும் கயிறும் கொண்டுபோனேன். பிள்ளைகள் இருபது பேர் சுற்றி நின்றார்கள். துணியை எடுத்துவிட்டு இறக்கினோம், கயிறு நனைந்தது 21 அடியில். மூன்று தரம் இறக்கிப் பார்த்தோம், மூன்று தரமும் அதேதான். கைப்பிடி ஒரு வீட்டுக் கோழிக் கூண்டுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது, அவரே கழற்றிக் கொடுத்துவிட்டார். பம்பைத் திறந்து பார்த்தால் வாஷர் என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை, ஓரத்தில் கறுப்பாக ஒரு தோல் வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணே, தோல் வாங்குவதா ரப்பர் வாங்குவதா? ரங்கூனில் இரண்டும் கிடைக்கிறது.

உளுந்து வயல் (பெகு):

தோல். எண்ணெயில் ஒரு ராத்திரி ஊற வைத்துப் போடுங்கள். உருளையின் உள்வாய் அகலத்தை நூலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், கண்ணளவை நம்பாதீர்கள். நாலு வாங்குங்கள், ஒன்று பம்புக்கு, மூன்று ஊரில் இருக்கட்டும். மாட்டும்போது நீங்கள் கை வைக்காமல் அந்தக் கோழிக் கூண்டுக்காரரை வைத்தே மாட்டச் சொல்லுங்கள்.